சேலம் – சென்னை விமானப் பயணத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? தர்மபுரிக்காரர்களுக்கு அது பயன்படுமா?

சேலம் விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 265 கிலோமீட்டர். சேலத்திலிருந்து சாலை வழியாகச் சென்றால் 340 கிலோமீட்டர் வரை வரும். இத்தகைய குறுந்தடங்களில் வழக்கமாக ஓடும் ஏடிஆர் 72 விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் என்பதால், அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்கு சொல்லும். ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ போட்டிருக்கும்.

டிக்கெட்டில் உள்ள நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, சென்னையில் மீண்டும் நிறுத்துமிடத்தில் நிற்பது வரையிலானது. மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் முழு வேகம் கிடைப்பதில்லை. சேலத்தில் கிழக்குப் பக்கம் 1,600 மீட்டரையும் தாண்டி உயர்ந்து நிற்கும் சேர்வராயன் மலையையும் கருத்தில் கொண்டுதான் மேலேற வேண்டும். சென்னையில் காற்றின் திசையும் நேரத்தைக் கூட்டும், குறைக்கும். கடற்காற்று வீசும் வேளைகளில் மேற்கிலிருந்து வரும் விமானம் ஏறக்குறைய நேராகவே ஓடுதளத்தில் இறங்கிவிடும்; தென்மேற்குப் பருவக் காலத்தில் மேற்கிலிருந்து காற்று பலமாக அடிக்கும்போது, அதே விமானம் நகரத்தைத் தாண்டிக் கடல் பக்கம் சென்று, திரும்பி வந்து, காற்றை எதிர்கொண்டு இறங்க வேண்டியிருக்கும். சன்னலோர இருக்கையில் அமர்ந்திருந்தால் இந்தத் திருப்பத்தைத் தெளிவாகப் பார்க்கலாம்.

தர்மபுரியில் இருப்பவர்கள் இத்துடன் வேறு கணக்கும் போட வேண்டும். விமான நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில், நம் ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் உள்ளது. இடையில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. சேலம் நோக்கிச் செல்லும் பக்கம் முழுவதும் இறக்கம் என்பதால், பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் விபத்துகள் இரட்டைப் பாலம் பகுதியில் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அப்படி நடந்தால் வண்டிகள் மணிக்கணக்கில் நின்றுவிடும். ஆகவே சாலைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குவதே பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து. கவுன்ட்டரை முன்கூட்டியே மூடிவிடுவார்கள் என்பதால், அங்கும் ஒன்றரை மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். பிறகு பறக்கும் நேரம், பெட்டிகள் வரக் காத்திருப்பது, மீனம்பாக்கத்திலிருந்து மெட்ரோ என எல்லாம் சேர்ந்து ஐந்து மணி நேரத்தைத் தொட்டுவிடும். காரில் கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்றாலும் ஐந்து முதல் ஆறு மணி நேரம்தான்.

எனவே, சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்கும், நீண்ட நேரம் உட்கார முடியாத வயதானவர்களுக்கும் இந்த விமானம் உண்மையிலேயே நல்ல உதவி. மற்றவர்களுக்கு மொரப்பூரில் இரவு ரயில் ஏறி விடியற்காலையில் சென்னையில் இறங்குவதே மேல். கிருஷ்ணகிரிக்காரர்கள் சென்னை செல்வதற்காகத் தெற்கே காமலாபுரம் வரை வருவதில் எந்தப் பயனும் இல்லை. அவ்வளவு நேரத்தில் அவர்கள் ஆம்பூரைத் தாண்டியிருப்பார்கள்.