ஆலை மூடப்பட்ட பிறகு மகள் இயந்திரவியல் படிக்கலாமா? ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் பல்லாண்டுகள் பணியாற்றிய ஆலை மூடப்பட்ட சில மாதங்களிலேயே, இயந்திரவியல்தான் படிப்பேன் என்று மகள் உறுதியாகச் சொல்வது தங்களை அச்சுறுத்துவதில் வியப்பில்லை. "நான் விழுந்த பாழுங்கிணற்றில் அவளும் விழ வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே வரியில் பதில் எழுதினால் அது தங்களுக்கும் மகளுக்கும் செய்யும் துரோகமாகிவிடும். ஆலைகள் ஏன் ஆட்களைக் குறைக்கின்றன என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால், எந்த வேலை போகிறது, எது நிற்கிறது என்பது தெளிவாகும். படிப்பைப் பற்றிய முடிவை அதன் பிறகு எடுப்பதே முறை.

அமெரிக்காவில் உற்பத்தித் துறையின் வேலைவாய்ப்பு 1979ஆம் ஆண்டில் உச்சத்தைத் தொட்டது. அப்போது ஏறத்தாழ 1 கோடியே 95 லட்சம் பேர் அதில் இருந்தனர். 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை சுமார் 1 கோடியே 15 லட்சமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் அதே முப்பதாண்டுகளில் அந்நாட்டு ஆலைகளின் மொத்த உற்பத்தி குறையவில்லை, கூடியது. குறைவான கைகளைக் கொண்டு அதிகப் பொருளைச் செய்ய இயந்திரங்கள் வழி செய்தன என்பது இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம் வெளிநாட்டு வணிகம். 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு, அறைகலன், ஆடை, பொம்மை போன்றவற்றைச் செய்துவந்த ஊர்கள் மிக வேகமாக அடி வாங்கின. டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கோர்டன் ஹேன்சன் ஆகிய பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து, பாதிப்பு நாடு முழுவதும் பரவலாக விழாமல் குறிப்பிட்ட வட்டாரங்களில் குவிந்ததையும், அங்கே ஊதியமும் வேலைவாய்ப்பும் பல ஆண்டுகள் கழிந்தும் எழுந்திருக்காததையும் காட்டினார்கள். வேலை இழந்தவர் வேறு ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வார் என்று ஏட்டில் எழுதுவது எளிது. சொந்த வீடும் வயதான பெற்றோரும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் உள்ளவரால் அப்படிக் கிளம்பிவிட முடிவதில்லை.

ஓர் ஊர் ஒரே ஆலையை நம்பி இருக்கும்போது இழப்பு ஆலை வாசலோடு நிற்பதில்லை. 1977 செப்டம்பர் 19 அன்று ஒஹாயோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் நகரை ஒட்டியிருந்த பெரிய எஃகு ஆலை மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டு ஏறத்தாழ 5,000 பேர் வேலை இழந்தனர். அந்நகர மக்கள் அந்த நாளை இன்றும் "கறுப்புத் திங்கள்" என்றே குறிப்பிடுகிறார்கள். ஊதியம் நின்றால் கடைகளின் வியாபாரம் படுக்கிறது, வரி வருவாய் குறைகிறது, அந்த வரியில் நடந்துவந்த பள்ளிகளும் பேருந்துகளும் தளர்கின்றன, இளைஞர்கள் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள். கார் ஆலைகளை நம்பியிருந்த, 1950இல் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் 2010இல் சுமார் 7 லட்சம் பேரே எஞ்சினர். 2013இல் அந்த மாநகராட்சியே திவால் மனு கொடுத்தது.

வீட்டுக்குள் நடப்பதைப் பற்றியும் தாங்கள் எழுதியிருந்தீர்கள். பகல் முழுவதும் ஓய்வு இருந்தும் எதிலும் மனம் செல்லவில்லை என்று தாங்கள் சொல்வது தங்கள் தனிப்பட்ட பலவீனம் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். ஆஸ்திரியாவில் மரியன்தால் என்னும் சிற்றூரின் நெசவாலை 1930 வாக்கில் மூடப்பட்ட பிறகு, சமூக உளவியலாளர் மரி யஹோடாவும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் அங்கே சென்று மக்களைக் கவனித்தார்கள். படிக்க நேரம் தாராளமாகக் கிடைத்தும் நூலகத்தில் நூல் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் ஆண்கள் முன்பைவிட மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். வீட்டு வேலை குறையாத பெண்களோ வேகமாகவே நடந்தார்கள். வேலை என்பது சம்பளத்தோடு நாளுக்கு ஓர் ஒழுங்கையும் தருகிறது, அது போனால் மனிதர் தளர்கிறார் என்பதைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் பதிவு செய்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஆலை மூடப்பட்டு வேலை இழந்த தந்தையரின் மகன்கள், பெரியவர்களான பின் மற்றவர்களைவிடச் சுமார் 9 சதவீதம் குறைவாகச் சம்பாதித்ததாகக் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. இதைத் தங்களைக் கலங்கச் செய்வதற்காகச் சொல்லவில்லை. குடும்ப வருமானம் குறைந்திருக்கும் இந்த நேரத்தில்தான் பிள்ளையின் படிப்பைக் குறுக்கவோ, கிடைத்த வேலைக்கு உடனே அனுப்பவோ தோன்றும்; அந்த முடிவு மட்டும் வேண்டாம் என்பதற்காகவே சொல்கிறேன்.

இனி படிப்புக்கு வருவோம். ஸ்வீடனின் மால்மோ நகரக் கப்பல் கட்டும் தளத்தில் நின்ற மாபெரும் பாரந்தூக்கி ஒரே ஒரு டாலருக்கு விற்கப்பட்டு, 2002இல் தென்கொரியாவின் உல்சான் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தொழில் உலகைவிட்டு மறைந்துவிடவில்லை, இடம் மாறியது; மால்மோவின் பழைய தளத்திலோ இன்று குடியிருப்புகளும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஆகவே மகள் எந்தத் துறையில் சேர்கிறாள் என்பதைவிட, கற்கும் திறன் வேறு ஆலைக்கும் வேறு தொழிலுக்கும் அவளோடு கூடவே வருமா என்பதுதான் முதன்மையான கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். கணினி நிரலால் இயங்கும் கடைசல் இயந்திரமான சி.என்.சி. லேத்தில் உருப்படியை ஏற்றி, பொத்தானை அழுத்தி, முடிந்ததும் இறக்கிவைப்பது மட்டுமே ஒருவரின் வேலையாக இருந்தால், அதை ஒரு ரோபோ கைக்கு மாற்றுவது நிர்வாகத்துக்குக் கடினமல்ல. அதே இயந்திரத்தின் முன் நிற்கும் வேறொருவர், சில உருப்படிகளுக்கு ஒருமுறை மைக்ரோமீட்டரில் வெளிவிட்டத்தை அளக்கிறார். அது சில மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வீதம் கூடிக்கொண்டே வருவதைக் கண்டு, வெட்டுமுனை தேய்கிறது என்று உணர்ந்து, வெட்டுமுனையின் நிலையைச் சரிசெய்யும் அளவான ஆஃப்செட்டைத் திருத்துகிறார். உலோகச் சீவலின் நிறமும் வெட்டும் ஓசையும் மாறினால் இயந்திரத்தை நிறுத்திக் காரணம் தேடுகிறார். இவருக்கு வரைபடம் படிக்கத் தெரியும், அளவியல் தெரியும், நிரல் எழுதவும் திருத்தவும் தெரியும். வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை மூடப்பட்டால் மருத்துவக் கருவி செய்யும் ஆலையில் இவர் நுழைய முடியும். தாங்களே தளத்தில் நின்றவர் என்பதால், ஆட்குறைப்புப் பட்டியலில் இவ்விருவரில் யார் பெயர் முதலில் வந்திருக்கும் என்பது தங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எனவே இயந்திரவியலை நான் தடுக்கமாட்டேன். அதோடு மின்னியல், பி.எல்.சி. (ஆலை இயந்திரங்களை நிரல்வழி இயக்கும் கருவி) கட்டுப்பாடு, பராமரிப்பு ஆகியவற்றில் ஒன்றையாவது சேர்த்துக் கற்கட்டும். இயந்திரங்கள் பெருகும் ஆலையில் அவற்றைப் பழுது பார்ப்பவருக்கும் நிறுவுபவருக்கும் தேவை நிலைக்கிறது. கணக்கு அவளுக்கு நன்றாக வருமென்றால் பட்டப்படிப்பு; கைவேலையில்தான் நாட்டம் என்றால் நல்ல பட்டயப் படிப்பும் தொழிற்பழகுநர் பயிற்சியும் அதற்கு எவ்விதத்திலும் குறைந்தவை அல்ல. பழைய நாட்களைப் போலப் பள்ளிப்படிப்போடு ஆலைக்குள் நுழைந்து, ஒரே வேலையில் ஓய்வுவரை இருந்து குடும்பத்தைக் கரையேற்றும் வாய்ப்பு மட்டும் பரவலாகத் திரும்பி வரும் என்று நான் நம்பவில்லை. தொழில்வளர்ச்சியில் பின்னால் வந்த நாடுகள், முன்னோடி நாடுகளைவிடக் குறைந்த வருமான நிலையிலேயே ஆலை வேலையின் உச்சத்தைக் கடந்துவிடுகின்றன என்று பொருளியலாளர் டானி ரோட்ரிக் எழுதியிருப்பதும் இந்த எண்ணத்தை வலுப்படுத்துகிறது.

சேரும் முன் மகளை அழைத்துக்கொண்டு கல்லூரிப் பணிமனையை நேரில் சென்று பாருங்கள். இயந்திரங்கள் ஓடுகின்றனவா, உறை போர்த்தி நிற்கின்றனவா, ஒரு மாணவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் தன் கையால் வேலை செய்கிறார், முன்பு படித்தவர்கள் இன்று எந்தெந்தத் தொழில்களில் பரவியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். எல்லாரும் ஒரே ஆலைக்குத்தான் போகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னால், அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். தங்களுக்குக் கிடைத்த இழப்பீட்டுத் தொகை முழுவதையும் கட்டணத்தில் முடக்க வேண்டாம். உதவித்தொகைக்கும் பயிற்சிக்கால ஊதியத்துக்கும் வழியுள்ள இடங்களுக்கு முதலில் விண்ணப்பியுங்கள், குறைந்தது ஆறு மாதக் குடும்பச் செலவைத் தனியே ஒதுக்கிவிட்டு மீதத்தில் திட்டமிடுங்கள். அவளுடைய மதிப்பெண் பட்டியலையும், தாங்கள் பார்த்துவந்த கல்லூரிகளின் பாடத்திட்டங்களையும் அனுப்பிவையுங்கள்; எந்தெந்தத் தாள்கள் அவளுக்குப் பயன்படும் என்று குறித்து அனுப்புகிறேன்.