திகதி தாண்டிய உணவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காலாவதித் திகதி பற்றியவை. சிலருடைய கேள்வி ஒரே வரியில் முடிகிறது, சிலருடையது முடியவில்லை.

கேள்வி: அலுமாரியின் பின்பக்கத்தில் பிஸ்கட் பொதி ஒன்று அகப்பட்டது. திகதி முடிந்து பன்னிரண்டு நாள். சாப்பிடலாமா? (வெள்ளவத்தை)

பதில்: பொதி பிரியாமல் இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். பற்றீரியா பெருக ஈரம் வேண்டும், பிஸ்கட்டில் அது இல்லை. நமத்துப்போய், எண்ணெய் சிக்கு வாடை அடித்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் பேத்திக்கு ஏழு மாதம். பால்மா டின்னில் திகதி முடிந்து இரண்டு கிழமை ஆகிறது. விற்கும் விலையில் கொட்ட மனம் வரவில்லை. (கொட்டாஞ்சேனை)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. இரண்டு கிழமை அல்ல, இரண்டு நாள் தாண்டினாலும் கொடுக்கக் கூடாது. பிஸ்கட்டுக்குச் சொன்ன நியாயம் இங்கே செல்லாது. பால்மாவிலுள்ள விற்றமின்கள் நாள் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே போகின்றன. பெரியவர்களுக்கு அந்தக் குறையை மற்றச் சாப்பாடு ஈடுசெய்துவிடும். அந்தப் பிஞ்சுக்கு வயிறு நிறைவது பெரும்பாலும் அதே பாலால்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். டின்னில் உள்ள திகதி திறக்காத டின்னுக்கு மட்டும். திறந்துவிட்டால் சுமார் ஒரு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். திறந்த நாளை மூடியில் பேனையால் எழுதி வையுங்கள்.

கேள்வி: டின் மீன் நல்லதா கெட்டதா? (மருதானை)

பதில்: எந்த மீன், என்ன திகதி, டின் எந்த நிலையில் இருக்கிறது, திறந்ததா திறக்காததா? ஒன்றையும் எழுதாமல் தீர்ப்பு மட்டும் கேட்கிறீர்கள். உங்கள் வீட்டுச் சமையலறையை நான் இங்கிருந்து பார்க்க முடியாது. பொதுவாகச் சொல்கிறேன். டின் மீனில் திகதியை விட டின்னின் உடம்பு முக்கியம். உப்பியிருந்தால், விளிம்பு மடிப்பில் நசுங்கியிருந்தால், துரு அரித்திருந்தால், திறக்கும்போது சீறினால் எறியுங்கள். சுவைத்துப் பார்க்கவும் வேண்டாம். பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நச்சு நாக்கு நுனி அளவிலும் ஆபத்து. திறந்த டின்னில் மிஞ்சியதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: யோகட் கோப்பையில் இன்னும் ஆறு நாள் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மூடி பந்து போல் உப்பியிருக்கிறது. திருப்பிக் கொண்டுபோனேன். "திகதி இருக்கிறதே" என்கிறார் கடைக்காரர். யார் சரி? (தெஹிவளை)

பதில்: நீங்கள்தான் சரி. இந்தக் கடிதத்துக்காகவே காத்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திகதி என்பது நிபந்தனையோடு தரும் வாக்கு. "சுமார் 5 பாகை செல்சியஸில் வைத்திருந்தால், மூடியைத் திறக்காமல் இருந்தால், இந்த நாள் வரை நல்லது." நாங்கள் கடைசி வரியை மட்டும் வாசிக்கிறோம், கடைக்காரரும் அப்படித்தான். இரவில் குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திவிட்டுப் போகும் கடைகள் இந்த நகரத்தில் இருக்கின்றன. ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் பால் வாங்கப் போனேன். கடைப் பையன் என் கண் முன்னால்தான் செருகியைச் சுவரில் செருகினான். பெட்டியின் அடியில் நீர் தேங்கியிருந்தது. கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த ஐஸ்கிறீம் கோப்பைகள் ஒருபக்கம் சரிந்து உறைந்திருந்தன. எடுத்துப் பார்த்த ஒன்றில் நடுவில் குழி, சுற்றிலும் பனிக்கட்டி ஊசிகள். உருகி உறைந்து, மறுபடி உருகி உறைந்ததன் அடையாளம் அது. பால் பொதியைத் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. திகதியோ நாலு நாள் பாக்கி. வெறுங்கையோடு திரும்பினேன்.

மின்கட்டணம் ஏறியது எனக்கும் தெரியும், சின்னக் கடைக்காரரின் கஷ்டமும் தெரியும். ஆனால் அந்தச் சேமிப்பின் விலையைக் குழந்தைகளின் வயிறு கொடுக்கிறது. கொழும்பின் இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 22 பாகைக்கு மேல். மூடிய பெட்டி நாலு மணித்தியாலம் குளிரைப் பிடித்திருக்கும், பிறகு இல்லை. 2022 மார்ச் முடிவில் மின்வெட்டு 13 மணித்தியாலமாக நீண்டபோது இதே பகுதியில் இதையே எழுதினேன். பெருகிவிட்ட பற்றீரியாவைக் காலையில் மறுபடி குளிரவைத்தால் அது தூங்குமே தவிர, சாகாது.

எனவே பெட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள். கண்ணாடியில் வடியும் நீரைப் பாருங்கள். பால், யோகட், சொசேஜ் ஆகியவற்றைக் கடைசியாக எடுத்து, நேராக வீட்டுக்குப் போங்கள். பற்றுச்சீட்டை எறியாதீர்கள். அதையும் உப்பிய கோப்பையின் படத்தையும் வைத்துக்கொண்டு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடுங்கள், அல்லது 1977க்கு அழைத்து நுகர்வோர் அதிகார சபைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: மலிவாக வாங்கிய சோஸ் போத்தலில் திகதிக்கு மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. உரித்தால் உள்ளே பழைய திகதி. (புறக்கோட்டை)

பதில்: சாப்பிடாதீர்கள், எறியவும் வேண்டாம். அப்படியே கொண்டுபோய் முறையிடுங்கள். மேலே சொன்ன அதே இடங்கள்தான்.

கேள்வி: சூரை மீன் குழம்பு. நாற்றமே இல்லை, நன்றாகக் கொதித்தது. சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் தங்கைக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரிப்பு. முன்பு அவளுக்கு ஒவ்வாமை எதுவும் இருந்ததில்லை. (முகத்துவாரம்)

பதில்: இது பெரும்பாலும் ஹிஸ்டமின் நச்சாக இருக்கும். சூரை, கும்பளா, சாளை போன்ற மீன்கள் பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. வாடையும் காட்டிக்கொடுக்காது. மணந்து பார்த்தேன், நன்றாக இருந்தது என்று மாதம் பத்துப் பேராவது எழுதுகிறீர்கள். நாற்றம் தரும் கிருமி வேறு, நோய் தரும் கிருமி வேறு என்று நானும் மாதம் பத்து முறை எழுதுகிறேன், இனியும் எழுதுவேன். தங்கைக்கு மூச்சுத் திணறல் வந்தால் ஒரு நிமிடமும் பிந்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அடுத்த முறை ஐஸ் மேல் வைத்து விற்பவரிடம் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: மதியம் வாங்கிய சோற்றுப் பார்சலை மேசையில் வைத்து இரவு ஒன்பது மணிக்குச் சூடாக்கிச் சாப்பிடுவது என் வழக்கம். திகதி எதுவும் இல்லையே? (பம்பலப்பிட்டி)

பதில்: திகதி இல்லை, மணிக்கூடு இருக்கிறது. சமைத்த சோறு வெளியில் இரண்டு மணித்தியாலம் இருக்கலாம், நமது பகல் வெயிலில் ஒன்றுதான். பசில்லஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்துகள் சோறு வேகும்போது சாவதில்லை. ஆறியபின் முளைத்து நச்சைக் கக்குகின்றன. அந்த நச்சைச் சூடாக்கி அழிக்க முடியாது. வாந்தி வராமல் இத்தனை நாள் தப்பியது அதிர்ஷ்டம். பார்சலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வழி இல்லையென்றால் இரவுக்குப் பாண் வாங்குங்கள்.

கேள்வி: நிலக்கடலையில் ஓரிரண்டு பூஞ்சணம் பிடித்திருக்கிறது. பொறுக்கிவிட்டு வறுக்கலாமா? (மட்டக்குளி)

பதில்: வேண்டாம். பூஞ்சணம் விடும் அஃப்லடாக்சின் என்ற நச்சு வறுத்தாலும் போகாது, ஈரலைத் தாக்கும். 2021இல் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் அகப்பட்டு நாடெங்கும் பேசப்பட்டது இதே நச்சுதான். முழுவதையும் எறியுங்கள்.

கேள்வி: முட்டை தண்ணீரில் மிதந்தால் கெட்டதா? (தெமட்டகொடை)

பதில்: பழையது என்று அர்த்தம். உள்ளே காற்றறை பெருத்திருக்கிறது. வேறொரு கிண்ணத்தில் உடைத்துப் பாருங்கள். நாறினால் கொட்டுங்கள், நாறாவிட்டாலும் மஞ்சள் கரு இறுகும் வரை வேகவையுங்கள். அரைவேக்காடு வேண்டாம்.

கேள்வி: உப்புப் பொதிக்கு எதற்குத் திகதி? (கொள்ளுப்பிட்டி)

பதில்: உப்பு கெடாது. சேர்த்திருக்கும் அயடீன்தான் குறையும். இறுக்கமான மூடியுள்ள போத்தலில் போட்டு, அடுப்புக்குத் தள்ளி வையுங்கள்.