தலைமையாசிரியரின் கையெழுத்து பெற்றோர் ஒப்புதல் ஆகாது

ஆய்வுக்குத் தலைமையாசிரியரின் கையெழுத்து மட்டும் போதாது. பென்னாகரம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குத் தேர்வுப் பதற்றம் பற்றிய வினாநிரல் கொடுக்கத் தலைமையாசிரியர் கையெழுத்திட்டும், ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு உங்கள் விண்ணப்பத்தை ஏன் திருப்பியது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கையெழுத்து பள்ளிக்குள் நுழைவதற்கான அனுமதியே தவிர, பிள்ளையின் சார்பில் தரப்படும் ஒப்புதல் அன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, 18 வயது நிரம்பாதவருக்குப் பொதுவாகப் பெற்றோர் ஒப்புதல் தேவை; 12 வயதைத் தாண்டியிருந்தால் அந்தப் பிள்ளையே பங்கேற்கச் சம்மதிக்கும் எழுத்துப்பூர்வ இசைவும் வேண்டும். உங்கள் ஒப்புதல் படிவத்தில் மாணவர் கையெழுத்திட இடமே இல்லாதிருக்கலாம். பெரும்பாலும் அங்கேதான் சிக்கும்.

படிவத்தை ஒரு தாயிடம் வாசித்துக் காட்டி, பாதியில் விலகிக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். "சார் சொன்னா எழுதித்தானே ஆகணும்" என்று பதில் வந்தால் படிவத்தைத் திருத்தி எழுத வேண்டும். (வகுப்பாசிரியர் வகுப்பறைக்குள் நிற்கும்போது வினாநிரலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.)

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை பெறலாம்; ஆனால் படிவம் வாசிக்கப்படுவதை உடனிருந்து கேட்ட, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும். பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பிள்ளை பாட்டியிடம் வளரும் வீடுகளில், பாட்டியின் கைரேகை செல்லும் என்று நீங்களாக முடிவு செய்யாமல் குழுவிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.