அசையாமல் கிடக்கும் தேள்

கேள்வி: சென்ற ஆண்டு குஞ்சாக வாங்கிய எம்பரர் தேள், பல நாள்களாக இரையைத் தொடவில்லை. நேற்று முதல் பெட்டியின் மூலையில் அசைவற்றுக் கிடக்கிறது. இறந்துவிட்டதா, நோயா, தோலுரிக்கப் போகிறதா என்று எவ்வாறு அறிவது?
– வாசகி, இலண்டன்

பதில்: முதலில் ஒன்றை வேண்டிக்கொள்கிறேன், அதைக் கையாலோ குச்சியாலோ புரட்டிப் பார்க்காதீர்கள். இளம் தேள் இரையை மறுத்து ஒடுங்கிக் கிடப்பது பெரும்பாலும் தோலுரிப்பதற்கு முந்தைய நிலையாகும், அந்நேரத்தில் சிறு இடையூறும் அதன் உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

உடல் பருத்து, முதுகுத் தகடுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய சவ்வு விரிந்து, நிறம் மங்கியிருந்தால் தோலுரிப்பு நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். பழைய தோல் தலைப்பகுதியின் முன்விளிம்பில் பிளக்க, அதன் வழியே தேள் தன் இடுக்கிகளையும் கால்களையும் இறுதியில் வாலையும் மெல்ல உருவிக்கொண்டு வெளியேறும். இதற்குப் பல மணி நேரம் ஆகலாம். விட்டுச்சென்ற தோலையே இறந்த தேள் என்று நினைத்து வருந்தியவர்கள் உண்டு. அது எடையற்று, உள்ளீடின்றி, முன்புறம் பிளந்திருக்கும். அருகிலேயே வெளிறிய, மென்மையான உடலுடன் தேள் இருக்கும். புற ஊதா விளக்கொளியில் பழைய தோல் பசுமை கலந்த நீலமாக ஒளிரும், புதிய உடலோ இறுகும்வரை அவ்வாறு ஒளிராது. இறந்த தேளும் ஒளிரும் என்பதால், உயிர் இருக்கிறதா என்பதை அவ்விளக்கைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. உடல் இறுகும்வரை, ஏறக்குறைய ஒரு வாரம், இரையாகத் தரும் உயிருள்ள சில்வண்டுகளை உள்ளே விட வேண்டாம். அவை மென்மையான தேளைக் கடித்துக் காயப்படுத்தும்.

முதிர்ந்த தேள்கள் தோலுரிப்பதில்லை. முதிர்ந்த பெண் தேளின் வயிறு பருத்திருந்தால் அது கருவுற்றிருக்கக்கூடும்.

நோய்க்குறிகள் வேறு. வயிறு ஒட்டி, பக்கவாட்டில் மடிப்பு விழுந்திருந்தால் அது நீரிழப்பு. ஆழமற்ற தட்டில் நீர் வைத்து, பெட்டியின் அடியில் பரப்பியுள்ள தென்னை நார்த்தூளை ஈரப்படுத்துங்கள். மேற்கு ஆப்பிரிக்க மழைக்காட்டு உயிரினமான இதற்கு ஈரப்பதம் இன்றியமையாதது என்றாலும், காற்றோட்டமில்லாத ஈரத்தில் பூஞ்சை பற்றி, உடலில் கரும்புள்ளிகள் தோன்றிப் பரவும். மூட்டுகளில் வெண்ணிறச் சிற்றுண்ணிகள் மொய்த்தாலும் பெட்டியைச் சுத்தம் செய்து காற்றோட்டத்தைக் கூட்டுவதே முதற்பணி.

உங்கள் ஊர்க் குளிரில் தேள் வெறுமனே மரத்துப்போயிருக்கவும் கூடும். ஆகவே பெட்டியின் வெப்பத்தை 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து ஓரிரு நாள் காத்திருங்கள். தோலுரிப்பின் அறிகுறி ஏதும் இல்லையென்றால் மட்டும், நீண்ட காம்புள்ள மென்தூரிகையால் கால்நுனியைத் தொட்டுப் பாருங்கள். உயிருள்ள தேள் காலைச் சற்றேனும் உள்ளிழுக்கும். வாலும் கால்களும் தளர்ந்து, தொட்டபோதும் அசையாமல், அழுகல் நாற்றமும் வந்தால்தான் அது இறந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.