‘ஆனால்’ எங்கே வருகிறது என்று பாருங்கள்: மதமும் அரசியல் சட்டமும்

சித்திரைத் திருவிழா முடிந்து ஊர் இப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து ஒருவர் ஒரு சந்தேகம் கேட்கப்போய், அது இலங்கை, மலேசியா என்று கிளைவிட்டுவிட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் கோயில் வழக்கும் வக்பு வழக்கும் நடத்துகிறவன் என்பதால் பதில் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். சரி, ஆரம்பிப்போம்.

செல்லூரிலிருந்து: அண்ணே, எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டம் கட்டி செங்கோல் கொடுக்கிறோம். ஆவணி வரைக்கும் அம்மன் ஆட்சி, அப்புறம் சொக்கர் ஆட்சி என்கிறோம். மதச்சார்பற்ற நாட்டில் இது எப்படி?

அந்தச் செங்கோலை அம்மனிடமிருந்து வாங்கி, பிரகாரம் சுற்றிவந்து திரும்ப ஒப்படைக்கிறவர் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? கோயில் தக்காரோ (அறங்காவலர்கள் இல்லாதபோது அரசு அமர்த்தும் நிர்வாகி) அறங்காவலர் குழுத் தலைவரோதான். அந்தப் பதவி 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தில் வருவது. மீனாட்சி ஆட்சிக்கு வருகிற சடங்கில் முன்னால் நிற்கிறவர் கையில் ஒரு அரசாணை இருக்கிறது. வெளிநாட்டு வக்கீல் ஒருவரிடம் இதைச் சொன்னபோது இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார்.

நம் அரசியல் சட்டம் கோயிலுக்கும் அரசுக்கும் நடுவில் சுவர் எழுப்பவில்லை. ‘மதச்சார்பற்ற’ என்ற சொல் முகப்புரைக்கு வந்ததே 1976இல், 42ஆவது திருத்தத்தில்தான். ஆனால் மத உரிமை பற்றிய 25 முதல் 28 வரையான பிரிவுகள் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன. 290ஏ என்று ஒரு பிரிவு, பலர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்: 1956இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நம்மிடம் வந்த பகுதியின் கோயில்களுக்காகத் தமிழ்நாடு அரசு வருஷாவருஷம் 13.5 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும், கேரளம் தன் பங்குக்கு 46.5 லட்சம். தொகையோடு அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்!

மேலூரிலிருந்து: ஆகமமோ ஷரியத்தோ சபை விதியோ, அது அந்தந்த மதத்துக்காரன் பாடு. அதில் அரசியல் சட்டம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும்?

என் அப்பத்தா கதையைச் சொல்கிறேன். 1939க்கு முன்னால் அவர்களுக்குக் கோயில் என்றால் வடக்கு வாசல் மொட்டைக் கோபுரத்து முனியாண்டிதான். சாதியைச் சொல்லி உள்ளே விடாத காலம்; வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு அங்கிருந்தே திரும்பிவிடுவார்களாம். அந்த வருஷம் ஜூலை 8ஆம் தேதி காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர், அதுவரை உள்ளே விடப்படாத கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் போனார். அப்புறம்தான் ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து அந்த நுழைவுக்குச் சட்டக் காவல் கொடுத்தது. அரசியல் சட்டம் வர இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது. உள்ளே போனவர்களும் பக்தர்கள்தான், கோயில் தீட்டாகிவிட்டது என்று கொதித்தவர்களும் பக்தர்கள்தான். ‘அந்தந்த மதத்துக்காரன் பாடு’ என்று விட்டிருந்தால் எந்த மதத்துக்காரன் பாடு?

25ஆவது பிரிவு இதைத்தான் யோசித்திருக்கிறது. மத உரிமை உண்டு என்று சொல்கிற அதே வாக்கியத்தில் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இவற்றுக்கு உட்பட்டு என்று ஒரு ‘ஆனால்’ வைத்தது. பொது இந்துக் கோயில்களை எல்லா வகுப்பாருக்கும் திறந்துவிட அரசு சட்டம் போடலாம் என்று இன்னொரு ‘ஆனால்’. எந்த நாட்டு அரசியல் சட்டத்தையும் நான் இப்படித்தான் படிப்பேன்: முதலில் ‘ஆனால்’ எங்கே, அது யாருக்குச் சாதகம்.

அதற்காக எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். 1954 சிரூர் மடம் வழக்கிலிருந்து, ஒரு மதத்துக்கு எது இன்றியமையாத பழக்கம், எது இல்லை என்று நீதிபதிகள் முடிவு செய்யும் வழக்கம் வந்துவிட்டது. எனக்கு அது பிடிப்பதில்லை. கறுப்பு அங்கிக்காரர்கள் நாங்கள் காரண ஆகமமா காமிக ஆகமமா என்று வாதாடிக்கொண்டிருப்பது பார்க்கச் சகிக்காது. அர்ச்சகர் நியமனத்தில் பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும் என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆனால் ஆகமத்தைத் தொடாதே என்றும் சேர்த்துச் சொன்னது. அந்த முடிச்சு இன்னும் முழுசாக அவிழவில்லை.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் திருமங்கலத்துக்காரர்: இங்கே இஸ்லாம்தான் நாட்டு மதம். அப்போ நாங்கள் இரண்டாம் தரமா?

உங்கள் 3ஆவது பிரிவு அங்கேயே நிற்கவில்லை தம்பி. இஸ்லாம் கூட்டமைப்பின் மதம், ஆனால் மற்ற மதங்களை அமைதியோடு பின்பற்றலாம் என்று போகிறது. வேடிக்கை பாருங்கள், பத்துமலை இருக்கும் சிலாங்கூரில் தைப்பூசத்துக்கு விடுமுறை. நாட்டு மதமே இல்லாத சிங்கப்பூரில் 1968இலிருந்து அந்த விடுமுறை கிடையாது. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். 160ஆவது பிரிவைப் புரட்டினால் ‘மலாய்க்காரர்’ என்பதற்கான விளக்கத்திலேயே இஸ்லாத்தைப் பின்பற்றுகிறவர் என்று இருக்கிறது. அங்கே மதம் மாறுவது மனசாட்சி விஷயத்தோடு முடிவதில்லை, இன அடையாளத்தையும் சேர்த்து இழுக்கும்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தங்கச்சி, உசிலம்பட்டி: இலங்கையிலும் இதே மாதிரிதானா சார்?

தாளில் அதே மாதிரிதான். 1978 அரசியல் சட்டத்தின் 9ஆவது பிரிவு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது, மற்ற மதங்களின் உரிமையை உறுதிசெய்துகொண்டே. ஆனால் பௌத்தத்துக்கு முதன்மை இடம் முதலில் வந்தது 1972 அரசியல் சட்டத்தில். அதற்கு முந்தைய, சுதந்திரத்தின்போது வந்த சோல்பரி அரசியல் சட்டத்தில், ஒரு இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமாகச் சட்டம் இயற்றக்கூடாது என்று 29ஆவது பிரிவு இருந்தது. 1972இல் அது போய்விட்டது. எது சேர்ந்தது என்று மனப்பாடம் செய்யும்போது எது போனது என்பதையும் குறித்துக்கொள்ளம்மா.

கோரிப்பாளையத்திலிருந்து: இஸ்லாத்தில் இதற்கெல்லாம் முன்மாதிரி இல்லையா என்று பாய்மார் கேட்கிறார்கள்.

இருக்கிறது. நபிகள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்த ஹிஜ்ரத்துக்குப் பிறகு வந்த மதீனா சாசனம், யூதர்களுக்கு அவர்கள் மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்கள் மார்க்கம் என்று சொல்லி இரு தரப்பையும் ஒரே உடன்படிக்கைக்குள் வைத்தது. அதே மார்க்கத்தை வைத்துக்கொண்டு பாகிஸ்தான், குடியரசுத் தலைவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று எழுதியது. இந்தோனேசியா இஸ்லாத்தின் பெயரைச் சொல்லாமல் ஒரே இறைவன் என்பதோடு நிறுத்திக்கொண்டது. எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள், அவ்வளவுதான்.

ஞானஒளிவுபுரத்திலிருந்து ஒரு ஆசிரியை: கத்தோலிக்கத் திருச்சபை?

1864இல் அரசும் திருச்சபையும் தனித்தனி என்பதைப் பிழை என்று பட்டியல் போட்டது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மத சுதந்திரம் மனிதரின் உரிமை என்று அறிவித்தது. நூறு வருஷத்தில் அவ்வளவு தூரம். 1972இல் அயர்லாந்து மக்கள் வாக்களித்து, அரசியல் சட்டத்தில் திருச்சபைக்கிருந்த சிறப்பிடத்தை நீக்கினார்கள்.

அதே செல்லூர் அண்ணன்: பிரான்ஸ் மாதிரி சுத்தமாகப் பிரித்துவிட்டால் வம்பே இல்லையே?

பிரித்தது 1905இல். அப்போது அல்சாஸ் பகுதி ஜெர்மனி கையில் இருந்ததால் அந்தச் சட்டம் அங்கே போகவில்லை; திரும்பக் கிடைத்த பிறகும் போகவில்லை. இன்றைக்கும் அங்கே பாதிரியாருக்கும் யூத குருவுக்கும் சம்பளம் கொடுப்பது பிரெஞ்சு அரசு. 2004இலிருந்து அரசுப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்பிள்ளை முக்காடு போட்டு வரக்கூடாது என்பதும் அதே நாடுதான். சுத்தமாகப் பிரித்தவர்களிடமே இவ்வளவு ‘ஆனால்’.

மேலூர்க்காரர் மறுபடியும்: உங்கள் அப்பத்தா பிறகு உள்ளே போனார்களா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?

போனார்கள். கல்யாணமான புதிதில், தாத்தாவோடு. பொற்றாமரைக் குளத்துப் படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்ததாகச் சொல்வார்கள். ஆனால் கடைசி வரைக்கும் வெற்றிலை பாக்கு வைத்தது என்னவோ முனியாண்டிக்குத்தான்.