கல்வியியலில் பிஎச்.டி. செய்ய வழிகாட்டியைத் தேடும்போது, அவருடைய சைட்டேஷன் எண்ணிக்கையை, அதாவது அவர் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டுமா?

நீங்கள் எம்.எட். முடித்தவராக இருப்பீர்கள். கோவையிலோ ஈரோட்டிலோ ஒரு பி.எட். கல்லூரியில் வேலை. கையில் இரண்டு வழிகாட்டிகளின் பெயர். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஒருவருக்கு ஹெச் இண்டெக்ஸ் 14, இன்னொருவருக்கு 3. இந்தக் குழப்பத்தில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் 3 இருந்த ஒருவரிடம் சேர்ந்தவள். என் பதில் ஒரு பக்கமாகச் சாயத்தான் செய்யும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹெச் இண்டெக்ஸ் என்பது 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் 10. ஒருவருடைய ஒரே கட்டுரையை ஐந்நூறு பேர் மேற்கோள் காட்டி, மற்றவற்றை யாரும் தொடாமல் இருந்தால் அவருக்கு 1தான். ஒரே ஆளுக்கு ஸ்கோபஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளத்தில் ஓர் எண் இருக்கும், கூகுள் ஸ்காலரில் வேறோர் எண் இருக்கும். ஸ்கோபஸ் தன் பட்டியலில் உள்ளவற்றைத்தான் எண்ணும். கூகுள் ஸ்காலரோ ஆய்வேடு, கருத்தரங்கத் தொகுப்பு என்று கிடைப்பதையெல்லாம் எண்ணும். தமிழில் எழுதியது இரண்டிலும் பெரும்பாலும் சிக்காது.

இதற்கு மேல் என் கதை. பி.எட். இரண்டு வருடப் படிப்பாக மாறிய பிறகு, இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. என் மாணவிகள் சிலரைக் கர்நாடக எல்லையை ஒட்டிய தாளவாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கு அனுப்பியிருந்தோம். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறி நான் பார்வையிடப் போவேன். அங்கே பல பிள்ளைகளுக்கு வீட்டில் கன்னடம், வகுப்பில் தமிழ். கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த ஒரு பயிற்சி மாணவி ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினாள். 'நான்கில் ஒரு பங்கு', 'தொகுதி', 'பகுதி' என்று இரண்டு நாள் சொல்லியும் வகுப்பு அசையவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் ஓடி வந்தாள். "மேடம், கால், முக்கால் ரெண்டும் இவங்க பாஷையிலயும் அதேதானுங்க! உருளைக்கிழங்கு எடை போட்டுப் போட்டு பசங்களுக்கு எல்லாம் தெரியுதுங்க." அன்றிலிருந்து பாடத்தைத் தராசிலிருந்து ஆரம்பித்தாள். முக்காலிலிருந்து கால் போனால் அரை என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

பாடம் தெரிவது வேறு, அதைப் பிள்ளைக்குப் புரியும்படி மாற்றத் தெரிவது வேறு என்று அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986இல் எழுதினார். ஆசிரியர் கல்வியில் பல்லாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அது. அத்தனைக்கும் தகுதியானது. அவர் சொன்னதைத்தான் அந்தப் பெண் என் கண் முன்னால் செய்தாள். அதை நான் தமிழில் கட்டுரையாக எழுதினேன், ஒரு கருத்தரங்கத் தொகுப்பில் வந்தது. இன்றுவரை ஒரு சைட்டேஷன் கிடையாது.

அதே வருடம் இணையத்தைப் பற்றிப் பயிற்சி மாணவர்களின் மனப்பான்மையை அளக்க ஒரு வினாநிரல் தயாரித்து ஆங்கிலத்தில் போட்டேன். அதற்கு 71 சைட்டேஷன். அந்த வினாநிரலை அப்படியே எடுத்து வேறு மாவட்டத்தில் கொடுத்துப் பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அது மோசமான வேலை இல்லை. ஆனால் எது என் நல்ல வேலை என்று என்னைக் கேட்டால் தாளவாடிதான்.

வேலைக்கு ஆள் எடுக்கும் ஒரு தேர்வுக் குழுவில் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். "சைட்டேஷன் எவ்வளவு?" என்றார்கள். பூஜ்யம் என்றேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அதோடு, நான் பணம் கட்டி வெளியிட்ட இன்னொரு கட்டுரையின் இதழ், 2018இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து நீக்கிய 4,305 இதழ்களில் ஒன்று. அந்தக் கட்டுரைக்குக் கிடைத்திருக்க வேண்டிய மதிப்பெண்ணும் போனது. பணம் கட்டியது என் தப்புதான், மறுக்கவில்லை.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. கல்யாணத்துக்கு முன் என் இனிஷியல் அப்பா பெயர், பிறகு கணவர் பெயர். என் முதல் நான்கு கட்டுரைகள் கணினிக்கு வேறு யாரோ எழுதியவை. அதே இனிஷியலில் வேறு ஊர்க்காரர் ஒருவர் எழுதியது என் கணக்கில் வந்து சேர்ந்திருந்தது. ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) ஒன்று இன்றைக்கே வாங்கிவிடுங்கள், இலவசம்தான். எல்லாக் கட்டுரையிலும் ஒரே மாதிரி பெயர் போடுங்கள்.

   

சைட்டேஷனே வேண்டாம் என்கிறாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பாருங்கள், ஆனால் எண்ணோடு நிற்காதீர்கள். யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்து ஐந்து கட்டுரைகளைப் படியுங்கள். தன் கட்டுரையைத் தானே காட்டியிருக்கிறாரா, அவரிடம் படித்தவர்கள் மட்டும் காட்டியிருக்கிறார்களா, வெளியே ஒருவர் அந்தக் கருத்தோடு வாதம் செய்திருக்கிறாரா என்று தெரிந்துவிடும். என் வழிகாட்டி சொல்வார்: "எத்தன பேருன்னு எண்ணாத அம்மிணி, எதுக்குக் காட்டுனாங்கன்னு பாரு."

அப்புறம், நீங்கள் சேர நினைக்கும் வழிகாட்டியிடம் முடித்த இரண்டு பேரிடம் பேசுங்கள். முதல் அத்தியாயத்தைக் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வந்தது என்று கேளுங்கள். எனக்கு ஒன்பதாவது நாள் வந்தது, எல்லாப் பக்கத்திலும் பச்சை மையில் என் வழிகாட்டியின் கையெழுத்தோடு.