.308 ரைஃபிளில் சுட்ட கேஸை எப்போது, எவ்வளவு டிரிம் செய்ய வேண்டும்?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: .308 வின்செஸ்டர் தோட்டா, போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், முதல்முறையாக ரீலோடிங் (சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில், அதாவது கேஸில், புது மருந்தும் குண்டும் போட்டு மறுபடி தோட்டாவாக்குவது) செய்யப் போகிறார். சுட்ட கேஸ்களைக் காலிப்பரில் வைத்துப் பார்த்தால் 2.007, 2.008 அங்குலம் காட்டுகிறது. கையேட்டில் அதிகபட்சம் 2.015 என்று போட்டிருக்கிறது. அப்படியானால் டிரிம் (வாயை வெட்டி நீளத்தைக் குறைப்பது) செய்யாமலே விட்டுவிடலாமா? செய்வதானால் எந்தக் கருவி?

விடாதீர்கள். நீங்கள் அளந்தது சரி, அளந்த நேரம்தான் தவறு. சைஸிங் டையில் (உப்பிய கேஸை இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சில்) போட்டு எடுத்த பிறகு அதே கேஸை மறுபடி அளந்து பாருங்கள். நான் முதன்முதலில் செய்தபோது 2.008 இருந்த கேஸ் டையிலிருந்து வெளியே வந்ததும் 2.017 காட்டியது. காலிப்பர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று முறை பூஜ்ஜியம் வைத்துப் பார்த்தேன்.

காரணம் எளிது. சுடும்போது கேஸ் பக்கவாட்டில் உப்பி, சேம்பரின் (ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறையின்) சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அகலமானதால் நீளம் அவ்வளவாகத் தெரியாது. சைஸிங் டை அந்த உடம்பை இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்போது, பித்தளைக்குப் போக இடம் வேண்டுமே? அது மேல்நோக்கி, கழுத்துப் பக்கம் வழிகிறது. டையின் நடுவில் இருக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை வெளியே வரும்போது கழுத்தை உள்ளிருந்து இழுத்து இன்னும் கொஞ்சம் நீட்டுகிறது. கழுத்தின் உட்புறமும் துளி லூப் (மசகு) தடவினால் அந்த இழுவை குறையும். ஆகவே வரிசை மாறக்கூடாது: சுத்தம் செய்வது, லூப், சைஸிங், லூப்பைத் துடைப்பது, அதன் பிறகே அளப்பது. சைஸிங் செய்யும்போதே பழைய பிரைமரும் (கேஸின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வெளியே வந்துவிடும். அதனால் அது அடியில் துருத்திக்கொண்டு உங்கள் அளவைக் கெடுக்காது.

நீளம் கூடினால் என்ன ஆகிவிடும் என்பதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கேஸின் வாய்க்கு முன்னால் சேம்பர் ஒரு சின்னப் படியில் முடிகிறது, அதற்கு மேல் குழல் குறுகத் தொடங்குகிறது. நீளமான கேஸின் வாய் அந்தப் படியில் முட்டி, போல்டை (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் உருளையை) மூடும் விசையில் உள்பக்கம் மடிந்து குண்டைக் கவ்விக்கொள்ளும். மருந்து எரிந்ததும் கழுத்து விரிந்து குண்டை விட வேண்டும், ஆனால் விரிய இடம் இருக்காது. .308க்கு அமெரிக்கத் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வைத்திருக்கும் அழுத்த உச்சவரம்பே சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. உங்கள் முகம் அந்த போல்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. கேஸ் நீளத்தால் அழுத்தம் ஏறுகிறது என்பதற்கு வெளியில் பெரும்பாலும் எந்த அடையாளமும் தெரியாது. மருந்தைச் சரியாக நிறுத்துப் போட்டவருக்கும் இது நடக்கும். போல்ட் வழக்கத்தைவிட இறுக்கமாக மூடினால் அங்கேயே நிறுத்துங்கள், அழுத்தி மூடாதீர்கள்.

எவ்வளவு வெட்டுவது? .308க்கு அதிகபட்சம் 2.015, டிரிம் அளவு 2.005. நடுவில் 10 தௌ, அதாவது கால் மில்லிமீட்டர். (ஆயிரத்தில் ஒரு அங்குலத்தைத் தௌ என்பது கோவையில் லேத் பட்டறையில் நின்ற காலத்தில் ஒட்டிக்கொண்ட சொல்.) வேறு தோட்டா வகைகளில், .223 ரெமிங்டனுக்கு 1.760, 1.750. .30-06க்கு 2.494, 2.484. எல்லாவற்றிலும் அதே 10 தௌ இடைவெளிதான். அந்த இடைவெளி அடுத்த சில சுடுதல்களில் கேஸ் வளர விட்டுவைக்கும் இடம். 2.003க்குப் போய்விட்டது என்று ஒரு கேஸைத் தூக்கிப் போட வேண்டாம், அதில் ஆபத்து இல்லை. ஆனால் குண்டைக் கவ்வ கிரிம்ப் செய்கிறவர் (கேஸின் வாயை உள்பக்கம் மடிப்பவர்) என்றால் எல்லாக் கேஸும் ஒரே நீளத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றில் கிரிம்ப் ஏறாது, இன்னொன்றில் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) நசுங்கும். வேட்டைக்கான போல்ட் ரைஃபிளில் பெரும்பாலும் கிரிம்ப் தேவைப்படாது.

கருவியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நாற்பது ஐம்பது கேஸ்தான் என்றால் லீ நிறுவனத்தின் கேஜும் கட்டரும் போதும். ஒவ்வொரு தோட்டா வகைக்கும் நீளம் நிர்ணயித்த ஊசி ஒன்று வரும். அது கேஸின் அடியிலுள்ள தீத்துளை வழியாகப் போய்த் தட்டியதும் வெட்டு தானாக நின்றுவிடும், தவறாக வெட்டவே முடியாது. நூற்றுக்கணக்கில் செய்கிறவர்கள் ஃபார்ஸ்டர், வில்சன் போன்ற கைப்பிடி சுற்றும் சின்ன லேத் வகைக்குப் போகலாம். அதில் ஸ்டாப்பை நாம்தான் வைக்க வேண்டும். ஒரு கேஸை வெட்டி, அளந்து, திருத்தி, மறுபடி வெட்டி, 2.005 வந்த பிறகே மற்றவற்றைத் தொடுங்கள். பத்துக்கு ஒன்றை அளந்துகொண்டே போங்கள்.

வெட்டி முடித்ததும் வாயில் பிசிறு நிற்கும். அதை எடுக்காமல் குண்டை உட்கார வைத்தால் குண்டின் செம்பு உறை சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு வரும். மயிரிழை போலச் செந்நிறச் சுருள் ஒன்று கேஸின் வாயில் தொங்குவதைப் பார்த்தால் உள்பக்கம் சேம்ஃபர் (வாயின் விளிம்பைச் சரிவாகச் சீவுவது) போதவில்லை என்று அர்த்தம். உள்ளே இரண்டு சுற்று, வெளியே ஒரு சுற்று, விரல் நுனியின் அழுத்தம் போதும். கத்தி முனைபோல ஆக்கிவிட்டால் வாய் சீக்கிரம் பிளக்கும். பிறகு கேஸைக் கவிழ்த்துத் தட்டிப் பித்தளைத் தூளை வெளியேற்றுங்கள், தீத்துளை அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

இதுவரை சொன்னது எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். நான் உட்கார்ந்து இவ்வளவு எழுதுவது இனி வருவதற்காகத்தான். நீங்கள் வெட்டி எறியும் அந்தப் பித்தளை எங்கிருந்து வந்தது?

இங்கே டெக்சாஸில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், வாழ்நாள் முழுக்க மெஷின் ஷாப்பில் இருந்தவர், என் கேஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். அடியிலிருந்து சுமார் 1 செ.மீ. மேலே, கேஸைச் சுற்றி நூல் கட்டியதுபோல ஒரு வெளிர்ந்த பளபளப்பு வளையம். நான் அதை டையின் உராய்வு என்று நினைத்திருந்தேன். அவர் கேஸை வைஸில் பிடித்து ஹாக்ஸாவால் நீளவாக்கில் அறுத்தார். உள்ளே பார்த்தபோது வயிறு கலங்கியது. வெளியே வளையம் தெரிந்த அதே இடத்தில், உள்சுவரில் நகத்தால் கீறியதுபோல் ஒரு பள்ளம். அந்த இடத்தில் சுவரின் கனம் பாதிகூட மிஞ்சவில்லை. நான் அந்தக் கேஸை ஒவ்வொரு முறையும் ஒழுங்காக 2.005க்கு வெட்டியவன், அளவில் ஒரு குறையும் இல்லை. இன்னொரு முறை சுட்டிருந்தால் அது அங்கே இரண்டாக அறுந்து, சூடான வாயு பின்பக்கம் வந்திருக்கும்.

நடப்பது இதுதான். மருந்து எரிந்ததும் கேஸின் மெல்லிய முன்பாகம் சேம்பரைப் பிடித்துக்கொள்கிறது. தடித்த அடிப்பாகம் பிடிக்க முடியாமல் பின்னால் போல்டின் முகம்வரை தள்ளப்படுகிறது. நடுவில் மாட்டிய சுவர் இழுபடுகிறது. பிறகு நாம் டையில் தோளைப் பின்னுக்குத் தள்ளி, இழுபட்டதைக் கழுத்துக்கு அனுப்பி, டிரிம்மரில் சீவி எறிகிறோம். ஒவ்வொரு டிரிம்மும் அடிச்சுவரிலிருந்து எடுத்த பித்தளை. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த இந்த உலோகம் நன்றாக வளைந்துகொடுக்கும், ஆனால் எடுத்ததைத் திருப்பி வைக்காது.

எனவே டையை, ஷெல் ஹோல்டரில் (கேஸின் அடியைப் பிடித்துக்கொள்ளும் பிடியில்) முட்டும்வரை இறக்கி அதற்கு மேலும் கொஞ்சம் திருகு என்ற பொதுவான அறிவுரையை அப்படியே பின்பற்றாதீர்கள். தோள்வரை அளக்கும் கம்பாரேட்டர் ஒன்று வாங்குங்கள். டிரிம்மரைவிட அதற்கு முதலில் பணம் போடச் சொல்வேன். உங்கள் ரைஃபிளில் சுட்ட கேஸின் தோள் எங்கே இருக்கிறதோ அதிலிருந்து 2 தௌ மட்டும் பின்னே தள்ளும்படி டையை வையுங்கள். நான் அப்படி மாற்றிய பிறகு, இரண்டு முறைக்கொருமுறை டிரிம் கேட்ட கேஸ்கள் நாலைந்து முறை தாங்கின. நீள்வது நின்றால் வெட்டும் வேலையும் குறையும்.

வளையத்தைத் தேட ஒரு பேப்பர் கிளிப் போதும். நிமிர்த்தி, நுனியைச் சிறிதாக மடித்து, கேஸுக்குள் அடிவரை விட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே மேலே இழுங்கள். பள்ளம் இருந்தால் நுனி அதில் தட்டும். ஒருமுறை அந்தத் தட்டலை உணர்ந்துவிட்டால் மறக்காது. தட்டிய கேஸை இடுக்கியால் நசுக்கிவிட்டுப் போடுங்கள், வேறு யார் கையிலும் போகக்கூடாது.

இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் கவனிக்க: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். நான் சொல்வது, சொந்த உபயோகத்துக்கு ரீலோடிங் செய்யத் தனி உரிமம் கேட்காத டெக்சாஸ் நிலவரம்.

கேட்டவருக்கு: இன்று ஐந்து கேஸை மட்டும் சைஸ் செய்து அளந்து பாருங்கள். 2.015ஐத் தொட்டதையும் தாண்டியதையும் தனியே வையுங்கள். பெட்டி மூடியின் உள்பக்கம் எத்தனை முறை சுட்டது, எத்தனை முறை டிரிம் செய்தது என்று பென்சிலால் கோடு போடத் தொடங்குங்கள். என் பெட்டியில் டிரிம் வரிசையில் நாலாவது கோடு விழுந்தால் அந்தக் கேஸ்கள் பழைய பித்தளைக்குப் போய்விடும்.